ட்ரம்மின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவு

அன்பு மகளுக்கு,

வேளச்சேரி வீட்டில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது, அதனால் ட்ரம்களில் பிடித்து வைக்கிறோம் என்று நீ சொன்னதிலிருந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்றிருந்தேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் பெருகுகிறது. தெருவில் அடிக்கும் புகை பறக்கிற கொசுவைக் கொல்லுமே தவிர, ட்ரம்முக்குள் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிடுவதாகச் சொன்னாய். அது பாதி வேலைதான் அம்மா. அந்தக் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. அவை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிகின்றன. ஆகவே கொட்டிய பிறகு உட்சுவர் முழுவதையும் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, அதன் பின்னரே நிரப்பி, வாயைத் துணியால் இறுகக் கட்டி வை. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைதோறும் இதைத் தவறாமல் செய். ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டையும் மணி பிளான்ட் பாட்டிலையும் அன்றே கழுவிவிடு.

ஏடிஸ் பகலில் கடிப்பது. பேரன் மதியம் தூங்கும்போதும் வலை கட்டு.

காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் மட்டும் கொடு. ஆஸ்பிரின், இப்யூபுரோஃபென் வேண்டாம். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். உன் அம்மா நிலவேம்புப் பொடி அனுப்புகிறாள், ஆனால் அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. காய்ச்சல் தணியும் நாட்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும்: கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், அளவுமீறிய சோர்வு என எது தெரிந்தாலும், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடு.

மாடித் தொட்டியின் மூடி உடைந்திருப்பதாகச் சொன்னாயே, அதை வீட்டுக்காரரிடம் இன்றே பேசு. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு சென்னையில் அத்தகைய தொட்டிகளிலும் கிணறுகளிலும்தான் வளர்கிறது. அவர் தயங்கினால் மூடிக்கும், நீர் வழியும் குழாயின் வாயில் கட்டும் வலைக்கும் ஆகும் பணத்தை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா