அஷாப்டனை யாரும் கேட்பதில்லை

ஷெஃபீல்ட்,
நவம்பர் 2018

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஐந்து வருடத்துக்குப் பிறகு மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டதையும், பதினாறு கண் மதகில் தண்ணீர் விழுவதைப் பார்க்கப் பேரன்களோடு போய் நனைந்து வந்ததையும் இரண்டு முறை படித்தேன். போன வருடம் அணை வற்றியபோது நீ அனுப்பிய பண்ணவாடி நந்தியின் படம் இன்னும் என் குளிர்பெட்டிக் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. இப்போது நந்தி தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கள் ஊரில் நேர்மாறு. இந்தக் கோடையில் மழையே இல்லை. இங்கிலாந்தில் மழை இல்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய் என்று தெரியும். லேடிபவர் நீர்த்தேக்கம் வற்றி, அடியில் இருந்த டெர்வென்ட் கிராமம் வெளியே வந்துவிட்டது. போன வாரம் முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் போய்ப் பார்த்து வந்தேன்.

இந்த ஊரைப் பற்றி உனக்கு நான் எழுதியதே இல்லை போலிருக்கிறது. ஷெஃபீல்டுக்கு மேற்கே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மலைகளுக்கு நடுவே டெர்வென்ட் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. ஷெஃபீல்ட், டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் என்ற நான்கு ஊர்களின் ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் போதவில்லை என்று 1899இல் சட்டம் போட்டு ஒரு நீர் வாரியம் அமைத்தார்கள். முதலில் ஹவுடன், டெர்வென்ட் என்று இரண்டு கல் அணைகள். அவையும் போதாமல் 1935இல் கீழே லேடிபவரைத் தொடங்கினார்கள். யுத்தத்துக்கு நடுவிலும் வேலை நிற்கவில்லை. 1943இல் அணை முடிந்தது. தண்ணீர் நிரம்ப மேலும் இரண்டு வருடம் பிடித்தது. 1945 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தார். அணையோரம் கிணறு மாதிரி வாய் திறந்த இரண்டு கலிங்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எண்பது அடி அகலம். நிரம்பிய காலத்தில் தண்ணீர் அந்தக் குழிக்குள் சுருண்டு விழும். இப்போது அவை சும்மா நிற்கின்றன, காய்ந்த தொட்டி மாதிரி.

மூழ்கியவை இரண்டு கிராமங்கள்: டெர்வென்ட், அஷாப்டன்.

நாங்கள் 1976 ஆகஸ்ட் கடைசியில் இங்கே வந்து இறங்கினோம். அப்போதும் இப்படித்தான் வறட்சி. வறட்சியைக் கவனிக்கவென்றே அரசாங்கம் ஒரு மந்திரியை நியமித்தது, சில நாளில் மழை கொட்டித் தீர்த்தது. நம் ஊரில் வருணஜபம், இங்கே மந்திரி பதவி என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவள்தான் முதலில் அந்தக் கதையைச் சொன்னாள்: லேடிபவரின் அடியில் ஒரு தேவாலயம் இருக்கிறது, தண்ணீர் குறைந்தால் கோபுரம் தெரியும், காற்றில்லாத இரவில் மணி ஒலிப்பது கேட்கும். நான் அப்படியே நம்பினேன். பல வருடம் வேறு பலருக்கும் சொன்னேன்.

1995இல் மறுபடி வற்றியபோது அவரோடு போனேன். வெடித்த சேற்றுப் பாளங்களின் மேல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தோம். ஓரிடத்தில் பாளம் உள்வாங்கி என் செருப்பு ஒன்று போயே போய்விட்டது. கோபுரத்தைத் தேடினேன். எங்கும் இல்லை. இருந்ததெல்லாம் கற்குவியல்தான். சாலையோர மதில்மேல் ஒரு கிழவர் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். ஒற்றைச் செருப்போடு நின்ற என்னைப் பார்த்து, "கோபுரத்தைத் தேடுகிறீர்களா? எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள்" என்றார்.

கோபுரம் இருந்தது உண்மை. 1943 மார்ச் 17இல் அந்தத் தேவாலயத்தில் கடைசி ஆராதனை நடந்தது. கல்லறையில் கிடந்தவர்களைத் தோண்டியெடுத்துப் பாம்ஃபோர்டில் மறுபடி அடக்கம் செய்தார்கள். மற்ற கட்டடங்களை இடித்தபோது கோபுரத்தை மட்டும் ஊரின் நினைவாக விட்டுவைத்தார்கள். நடுத்தண்ணீரில் அது தனியாக நின்றது. அதை எட்டித் தொட ஆட்கள் நீந்திப் போகத் தொடங்கினார்கள். ஆபத்து என்று 1947 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மணியோ அதற்கு முன்பே போய்விட்டது. டெர்பிக்குப் பக்கத்தில் சாடஸ்டன் என்ற இடத்து தேவாலயத்தில் தொங்குகிறது. "அந்த மணி ஒலிப்பதை இங்கே ராத்திரியில் கேட்கவேண்டுமானால் ரொம்ப நல்ல காது வேண்டும்" என்றார் கிழவர்.

நீங்கள் டெர்வென்ட்காரரா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "இல்லை, அஷாப்டன். அதை யாரும் கேட்பதில்லை" என்றார்.

கமலா, அந்த வார்த்தை இத்தனை வருடமாக என்னிடமே தங்கிவிட்டது. டெர்வென்ட் மேட்டில் இருந்தது, அதனால் வறட்சிக்கு வறட்சி தலைகாட்டுகிறது. 1672இல் கட்டிய மாளிகை ஒன்றின் அடித்தளம் தெரிகிறது, கணப்பு அடுப்பின் கல் தெரிகிறது, வாயில் தூணின் அடி தெரிகிறது. படம் எடுக்க ஏதோ ஒன்று இருக்கிறது. அங்கே இருந்த பொதிக்குதிரைப் பாலத்துக்குக்கூட யோகம். ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுப் பிரித்து வைத்து, 1959இல் மேலே ஹவுடன் தேக்கத்தின் தலைமாட்டில் அப்படியே கட்டிவிட்டார்கள். பாவம் அஷாப்டன், இரண்டு ஆறுகள் சேரும் பள்ளத்தில் இருந்தது. ஒரு சத்திரம், ஒரு மெதடிஸ்ட் ஜெபவீடு, சில வீடுகள். அதன்மேல் வண்டல் படிந்து மூடிவிட்டது. எந்த வறட்சிக்கும் அது எழுந்து வரப்போவதில்லை. மான்செஸ்டர் போகிற சாலைக்காக அதன் தலைக்கு மேலேயே ஒரு நீளப் பாலம் கட்டினார்கள். நானே அந்தப் பாலத்தில் நூறு தடவையாவது போயிருப்பேன். கிழவர் என்னைப் பாலத்துக்குக் கூட்டிப்போய்க் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே காட்டினார். "அந்தத் தூண் தெரிகிறதா? அதற்கு இந்தப் பக்கம் எங்கள் சமையலறை." தண்ணீரும் சேறும்தான் எனக்குத் தெரிந்தன. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஊரை விட்டுக் கிளம்பியவர்களுக்கு அணைக்குக் கீழே யார்க்ஷயர் பிரிட்ஜ் என்ற இடத்தில் வாரியம் கல்வீடுகள் கட்டிக்கொடுத்தது. நல்ல வீடுகள், இன்றும் உறுதியாக நிற்கின்றன. அந்த வீட்டுக்காரர்களின் ஜன்னலில் தினமும் அணையின் சரிவு. அதற்குப் பின்னால் அவர்கள் ஊர். இது சௌகரியமா தண்டனையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு ஊரும் உண்டு. முதல் இரண்டு அணைகளைக் கட்டிய கூலிக்காரர்களுக்காகக் காட்டுக்குள் தகரத்திலேயே ஓர் ஊரை உண்டாக்கினார்கள். பெயர் பர்ச்சின்லீ, ஜனங்கள் வைத்த பெயர் தகரப்பட்டணம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைகள், மதுக்கடை, ரயில் நிலையம், போலீஸ் எல்லாம் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மலைச்சரிவில் படிக்கட்டு மாதிரி சமன்செய்த தளங்கள் மட்டும் மரங்களுக்கிடையே மிச்சம். அங்கிருந்து கழற்றிய தகரக் கட்டடம் ஒன்று பக்கத்து ஹோப் கிராமத்தில் இன்று அழகு நிலையமாக இருக்கிறது. அங்கே தலைமுடி திருத்திக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஆனால் சுற்றுலாக்காரர்களைக் கேட்டால் டெர்வென்ட் அணை என்றதும் குண்டுவிமானக் கதைதான். 1943இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆவது படைப்பிரிவு ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் போகுமுன் இங்கேதான் தாழப் பறந்து பழகியது. அது வீரக்கதை, சொல்லட்டும். எனக்கு மனம் போவது அணையருகே இருக்கும் வேறொரு கல்லின்மேல். டிப் என்ற ஒரு நாய்க்கு வைத்தது. 1953 டிசம்பரில் மேலே மேட்டுநிலத்துக்குப் போன ஜோசப் டாக் என்ற வயதான இடையர் அங்கேயே இறந்துபோனார். பதினைந்து வாரம் கழித்துத்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள். பனியிலும் குளிரிலும் நாய் அதுவரை பக்கத்திலேயே இருந்தது. இந்தக் கல்லின் முன்னால் எங்கள் வீட்டுக்காரர் எப்போதும் தொப்பியைக் கழற்றிவிடுவார். நாய் என்றாலே பயந்து தெரு மாறுகிற மனிதர்!

போன வாரம் என்ன பார்த்தேன் என்று சொல்லாமல் எங்கெங்கோ போய்விட்டேன். திருவிழாக் கூட்டம், கமலா. குழந்தைகள், நாய்கள், பறக்கும் கேமராக்கள். கற்களின்மேல் சிலர் வண்ணத்தால் பெயர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கல்லைப் பெயர்த்து எடுத்துப்போகிறவர்கள் வேறு. ஒருவர் சேற்றில் இடுப்பளவு மாட்டி, மலைமீட்புக் குழு வந்து இழுத்துப்போட்டிருக்கிறது. என் செருப்பு எனக்கு நினைவு வந்தது. ஓர் இளம் பெண் என்னிடம் வந்து, "கோபுரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். வெடி வைத்துத் தகர்த்ததைச் சொன்னேன். நான் ஏதோ அவளிடமிருந்து பறித்துக்கொண்டது போலப் பார்த்தாள். மணி ஒலிக்கும் என்பதையாவது விட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

திரும்பும்போது பாலத்தில் கொஞ்சம் நின்றேன். நான் மட்டும்தான். கார்கள் பின்னால் சர்ரென்று போய்க்கொண்டே இருந்தன. எந்தத் தூண் என்று கிழவர் காட்டினார் என்பது மறந்துபோய்விட்டது. அவர் இருந்திருந்தால் நினைவு வைத்திருப்பார். கிழவரைச் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்காரரைச் சொல்கிறேன். வரும் தை மாதத்தோடு நான்கு வருடம்.

ஒன்று கேட்க வேண்டும். விடுதியில் நாம் படித்த காலத்தில், உன் பாட்டி பிறந்த ஊரும் மேட்டூர்த் தண்ணீருக்குள்தான் என்று ஒருநாள் சொன்னாய். நந்தி மாதிரி அங்கே வெளியே தெரிய ஒன்றுமில்லை, அதனால் யாரும் படம் எடுப்பதில்லை என்றாய். பெயரும் சொன்னாய். அதுவும் மறந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. நந்திப் படத்தின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

உன் அன்புள்ள,
சரோஜா