பூட்டுப் போட்டால் பேய் வீடா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பேய் நடமாடும் இடங்களைப் பற்றிய சிறுவர் பொது அறிவு நூல் ஒன்றைச் சென்ற இதழில் பாராட்டியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால், ராஜஸ்தானின் பான்கர் கோட்டையில் பேய் இருப்பதைத் தொல்லியல் துறையே பலகை வைத்து ஒப்புக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி எழுதினீர்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

சூரிய உதயத்துக்கு முன்னும் அஸ்தமனத்துக்குப் பின்னும் உள்ளே போகக்கூடாது என்பதுதான் அந்தப் பலகை. துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் பெரும்பாலானவை பொழுது சாய்ந்ததும் மூடப்படுபவைதான். இங்கே தில்லியில், ஹெய்லி ரோடு அக்ரசேன் பாவோலி என்ற பழைய படிக்கிணற்றையும் சாயங்காலம் பூட்டிவிடுகிறார்கள். காவலாளிக்கும் வீடு வாசல் உண்டல்லவா? தங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தப் பாவோலியின் கறுப்புத் தண்ணீர் ஆளை உள்ளே இழுக்கும் என்றும் அந்த நூலில் இருக்கிறது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். நூற்றுச்சொச்சம் படிகள். அடியில் தண்ணீரே இல்லை, புறாவும் வௌவாலும்தான். இருந்தும் பாதிப் படியிலேயே என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "பொது அறிவுப் புத்தகத்திலேயே போட்டிருக்கு பாட்டி" என்கிறாள். நான் என்ன சொல்ல?

புளியமரத்து முனி கதை கேட்டு வளர்ந்தவள்தான் நானும். அதை யாரும் பொது அறிவு என்று விற்கவில்லை.

அதே நூலில், தில்லியின் கூனி தர்வாஜாவில், அதாவது ரத்த வாசலில், கூரையிலிருந்து ரத்தம் சொட்டுமாம், அதற்கு ஒரு முழுப்பக்கம். 1857இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஸஃபரின் இரண்டு மகன்களையும் ஒரு பேரனையும் ஆங்கிலேய அதிகாரி ஹாட்சன் அந்த வாசலருகே சுட்டுக் கொன்றானே, அதற்கு ஒரே வரி. பிரோஸ் ஷா கோட்லா என்ற பாழடைந்த கோட்டையில் வியாழக்கிழமைதோறும் ஜனங்கள் ஜின் என்னும் ஆவிகளுக்கு மனு எழுதி மாடங்களில் வைக்கிறார்கள். நகல் எடுத்து மாடத்துக்கு மாடம் வைப்பவர்களும் உண்டு. இதை உள்ளபடி எழுதினாலே குழந்தைகள் கீழே வைக்காமல் படிக்கும்.

மனு என்றதும் ஞாபகம் வருகிறது. சிறுவர் பக்கத்தை எடுத்துவிட்டு ராசிபலனை நீட்டியது பற்றி முன்பே தங்களுக்கு எழுதியிருந்தேன். ஜின்களுக்கு எழுதியிருந்தால் இதற்குள் பதில் வந்திருக்குமோ என்னவோ! தில்லிச் சந்தாதாரர்களுக்கு இதழ் பழசாகித்தான் வந்து சேருகிறது, அதையும் சகித்துக்கொள்கிறோம்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பலகையில் பேய் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று அடுத்த இதழில் ஓர் ஓரத்தில் போடுங்கள். இடம் போதாதென்றால் ராசிபலனில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். நான் மகர ராசி; எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
பழைய வாசகி ஒருத்தி,
மயூர் விஹார், தில்லி