ஜெனரல் பத்மநாபன் மறைவு

குழு நண்பர்களே, வணக்கம். நம் முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் எஸ். பத்மநாபன் நேற்று, 2024 ஆகஸ்ட் 19 அன்று, சென்னையில் காலமானார். வயது 83.

திருவனந்தபுரத்தில் பிறந்தவர். டேராடூனில் படித்து, 1959 டிசம்பர் 13 அன்று பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். நம்மைப் போல ஒரு கன்னர், அதாவது பீரங்கிப் படைக்காரர்! சக அதிகாரிகளுக்கு அவர் 'Paddy'. காஷ்மீர் மிக மோசமாக இருந்த 1993-95 காலத்தில் அங்கே 15-வது கோர் என்ற பெரும் படைப்பிரிவை வழிநடத்தியவர்.

2000 முதல் 2002 முடியும் வரை தலைமைத் தளபதி. அவர் படையில் சேர்ந்த அதே டிசம்பர் 13-இல்தான், 2001-இல், நாடாளுமன்றத் தாக்குதல் நடந்தது. அப்புறம் பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்த ஆபரேஷன் பராக்ரம். மேற்கு எல்லையில் பத்து மாதம் துப்பாக்கியும் கையுமாகக் காத்திருந்தோம், சண்டை வரவில்லை. கோபமும் அலுப்பும் எல்லோருக்கும் இருந்தது. போரை விட அந்தக் காத்திருப்பில் படையைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பதுதான் கஷ்டம் என்பேன்.

அப்போது எல்லையில் இருந்தவர்கள் உங்கள் நினைவுகளைக் குரல் பதிவாகவாவது அனுப்புங்கள். இன்று ஒருநாள் காலை வணக்கப் படங்கள், அரசியல் ஃபார்வேர்டுகள் வேண்டாம். குடும்பத்தாருக்கு நம் ஆழ்ந்த இரங்கல்.

– குழு நிர்வாகி