பயிற்சி விமானத்துக்கு விலை கேட்கும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய விமானப்படைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் பயிற்சி விமானம் தேடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் விலை இருந்தது, வேகம் இருந்தது, எத்தனை நாடுகள் எதை வாங்கின என்ற பட்டியலும் இருந்தது. வாங்கிய விமானங்களில் எத்தனை தினமும் காலை ஆறு மணிக்கு ஹேங்கரை விட்டு வெளியே வரும் என்ற கணக்கு மட்டும் இல்லை. சிறிய படைக்கு வாழ்வும் சாவும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

வருடத்துக்கு எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். ஆண்டுக்கு 16 பயிற்சி விமானிகள், ஆளுக்கு 80 மணி என்றால் 1,280 மணி. வானிலையால் பாதியில் திரும்புவது, தேறாமல் மறுபடி பறப்பது, தேர்வுப் பறத்தல் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் சேர்த்தால் இன்னும் 190. எட்டு பயிற்றுநர்கள் கை மறக்காமலிருக்க ஆளுக்கு 40 மணி வீதம் 320. மொத்தம் ஏறக்குறைய 1,790 மணி. சிறிய படையில் ஒரு விமானம் வருடத்துக்கு 250 மணி பறந்தாலே நல்ல பராமரிப்பு. அப்படியானால் எட்டு விமானம் வேண்டும். பெரிய பரிசோதனைக்குப் பிரித்துப் போட்டிருக்கும் ஒன்றையும், இருபத்தைந்து ஆண்டுகளில் விபத்தில் இழக்க நேரும் ஒன்றையும் சேர்த்தால் பத்து. அயர்லாந்து 2004இல் சுவிஸ் நிறுவனமான பிலாட்டஸின் பி.சி.-9எம் எட்டு வாங்கியது, 2009இல் ஒன்று விபத்தில் போனது. அதற்கு மாற்று வந்து சேர எட்டு ஆண்டு ஆயிற்று. எட்டில் ஒன்று போவதும் எண்பதில் ஒன்று போவதும் ஒன்றல்ல.

அடுத்தது, பயிற்சி முடித்தவர் எதை ஓட்டப் போகிறார் என்பது. ஹெலிகாப்டரும் சிறிய போக்குவரத்து விமானமும்தான் அந்தப் படையிடம் இருக்கிறது என்றால், பிலாட்டஸின் 1,600 குதிரைத்திறன் பி.சி.-21 எதற்கு? 700 குதிரைத்திறன் பி.சி.-7 மார்க் 2, 950 குதிரைத்திறன் பி.சி.-9எம், அமெரிக்காவின் 1,100 குதிரைத்திறன் டி-6சி என்று படிப்படியாக இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து இருக்கையோடு, 456 குதிரைத்திறனில் ஜெர்மனியின் குரோப் 120டிபி இருக்கிறது. ஹெலிகாப்டருக்குப் போகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பதே நல்லது. போர் விமானத்துக்குப் போகிறவர் மட்டும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து பழக வேண்டும்.

மேலே சொன்னவை எல்லாம் டர்பைனால் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்போபிராப் விமானங்கள். கார் எஞ்சின் மாதிரியான பிஸ்டன் எஞ்சின் மலிவுதானே என்று கேட்பவர்களுக்கு நம் ஊர் அனுபவமே பதில். பெங்களூரில் வடிவமைத்த எச்.பி.டி.-32 தீபக் பயிற்சி விமானத்தில் 260 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின். எரிபொருள் ஓட்டம் தடைபட்டுப் பறக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும் கோளாறு அதை விடவேயில்லை. எஞ்சின் நின்றால் நன்றாகச் சறுக்கி இறங்கும் விமானமும் அல்ல அது. குதித்துத் தப்ப எஜெக்‌ஷன் சீட்டும் கிடையாது. 17 விபத்துகள், 19 விமானிகளின் உயிர்கள் என்று கணக்கு ஏறிய பிறகு, 2009 ஜூலை விபத்தோடு தரையில் நிறுத்தினார்கள். 2013இல் ஹைதராபாத் பக்கத்து துண்டிகல் விமானப்படை அகாடமிக்கு பிலாட்டஸ் வரும்வரை, முதல் கட்ட மாணவர்களுக்கும் கிரண் ஜெட்டிலேயே பாடம் நடத்த வேண்டியதாயிற்று. எத்தனையோ வகை விமானம் வைத்திருக்கும் இந்திய விமானப்படையால் அதைச் சமாளிக்க முடிந்தது. ஒரே வகைப் பயிற்சி விமானம் வைத்திருக்கும் நாட்டில் அது நடந்தால் பள்ளியையே மூட வேண்டும். பக்கத்தில் இலங்கையில், திருகோணமலையில் 2023 ஆகஸ்டில் சீனத் தயாரிப்பு பி.டி.-6 பயிற்சி விமானம் விழுந்து இருவர் இறந்தார்கள். அதுவும் பிஸ்டன் எஞ்சின் விமானமே.

விமானம் தரையில் நிற்பதற்கான காரணம் பெரும்பாலும் சின்ன சாமானில் இருக்கிறது. ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிலாட்டஸ் விமானங்களிலும் டி-6சியிலும் இருக்கும் பி.டி.6 டர்போபிராப் எஞ்சினை (மேலே சொன்ன சீன பி.டி.-6 விமானம் வேறு) ஸ்டார்ட் செய்யும்போது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கம்ப்ரசர் சுழலும் வேகம் 12 சதவீதத்தையாவது தொட்ட பிறகே எரிபொருள் லீவரைத் தள்ள வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் முள் பத்திலேயே தயங்கி நிற்கும். அடுத்த மாணவர் காத்திருக்கிறார் என்று அவசரப்பட்டு லீவரைத் தள்ளினால், உள்ளே எரிபொருள் போகிறது, அதற்கு ஈடாகக் காற்று போவதில்லை. சில விநாடிகளில் வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தாண்டும். இதற்கு ஹாட் ஸ்டார்ட் என்று பெயர். டர்பைன் பிளேடுகள் வெந்துபோகும். வெப்பப் பகுதியைத் திறந்து பார்க்காமல் அந்த எஞ்சினை மறுபடி ஓட்டக் கூடாது. திறந்து பார்க்கும் வசதி உள்நாட்டில் இல்லையென்றால் எஞ்சின் கப்பலேற வேண்டியதுதான். இத்தனைக்கும் மூலகாரணம் எது? 28 வோல்ட் தரை மின்சார டிராலியை ஒப்பந்தத்தில் இரண்டு மட்டும் எழுதியிருப்பார்கள், ஒன்று பழுதாகியிருக்கும். நைட்ரஜன் டிராலி, ஆக்சிஜன் டிராலி, ஜாக், அளவு சரிபார்த்த டார்க் ரெஞ்ச் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். விமானத்தின் விலையில் இவை சில்லறை. அதனாலேயே பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவதும் இவைதான்.

பெங்களூரு எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) உருவாக்கிய பயிற்சி விமானமான எச்.டி.டி.-40இல் இருக்கும் அமெரிக்காவின் ஹனிவெல் டி.பி.இ.331 எஞ்சினுக்குப் பழக்கம் வேறு. அதில் எஞ்சினும் புரொப்பெல்லரும் ஒரே தண்டில் பிணைந்தவை. நிறுத்தும்போது பிளேடுகளைத் தட்டையான கோணத்தில் பூட்டிவிட்டு நிறுத்த வேண்டும். மறந்தால் பிளேடுகள் காற்றை வெட்டும் கோணத்துக்குத் திரும்பிவிடும். தனி பம்பை ஓட்டி அவற்றைத் திருப்பிப் பூட்டாமல் அடுத்த ஸ்டார்ட் நடக்காது. ஆனால் திராட்டிலைத் தள்ளியதும் கிடைக்கும் உடனடி உந்துவிசை இந்த எஞ்சினின் நல்ல குணம். இரண்டில் எது மேல் என்று நான் வாதாடவில்லை. எதை வாங்கினாலும் தொழில்நுட்ப ஊழியர்களுக்கு அந்த எஞ்சினிலேயே பயிற்சி கொடுத்து முடிக்கும்வரை முதல் விமானத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது.

கடலோரத் தளங்களில் உப்பு இன்னொரு எதிரி. திருகோணமலையின் சீனக்குடா விமானப்படைத் தளம் மாதிரியான இடத்தில் எஞ்சினைச் சுத்தமான தண்ணீரால் தவறாமல் கழுவ வேண்டும். கடலை ஒட்டித் தாழப் பறந்த நாளில் அன்று மாலையே. பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரில் சுழலவிட்டு, தண்ணீர் பீய்ச்சி, பிறகு ஓட்டி உலர்த்த வேண்டும். விட்டுவிட்டால் உப்பும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து டர்பைன் பிளேடை அரிக்கும். வெளியே எதுவும் தெரியாது. ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுதாகப் பிரித்துச் சீரமைக்கத் திறக்கும்போதுதான் மொத்த பிளேடும் மாற்ற வேண்டும் என்று பில் வரும்.

எஜெக்‌ஷன் சீட் உயிர் காப்பது. அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் அதன் பராமரிப்பை எழுதாத ஒப்பந்தங்கள்தான் படைகளைத் திணறடிக்கின்றன. மேற்கத்திய டர்போபிராப் பயிற்சி விமானங்கள் பலவற்றில் பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் இருக்கைதான். அதிலுள்ள வெடிமருந்துக் கார்ட்ரிட்ஜ்கள், ராக்கெட் மோட்டார், விமானியின் தலைக்கு மேலுள்ள கேனப்பிக் கண்ணாடியைப் பிளக்கும் வெடிநூல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆயுள் உண்டு: தயாரித்த தேதியிலிருந்து ஒன்று, இருக்கையில் பொருத்திய தேதியிலிருந்து ஒன்று. எது முதலில் முடிகிறதோ அதுவே கணக்கு. பத்து விமானம் என்றால் இருபது இருக்கை. எல்லாம் ஒரே ஆண்டில் வந்தால் ஆயுளும் ஒரே ஆண்டில் முடியும். வெடிபொருள் என்பதால் பயணிகள் விமானத்தில் வராது. ஏற்றுமதி உரிமமும் இறக்குமதி உரிமமும் தனித்தனியே வேண்டும். வந்து இறங்கியதும் பாதுகாப்பான வெடிபொருள் கிடங்கு வேண்டும். 2022 ஜூலையில் கார்ட்ரிட்ஜ்களில் குறை இருக்கலாம் என்ற சந்தேகத்தால் அமெரிக்க விமானப்படையே டி-6, டி-38 பயிற்சி விமானங்கள் பலவற்றை நிறுத்திச் சோதித்தது. அவர்களுக்குத் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கிறது. தீவு நாடு ஒன்று ஒன்றரை ஆண்டுக்கு முன்பே ஆர்டர் கொடுத்தால்தான் தேதி தவறாது. பெண்கள் விமானிகளாக வரும் இந்தக் காலத்தில், இருக்கை தாங்கும் குறைந்தபட்ச எடையையும் எழுத்தில் வாங்க வேண்டும். பழைய இருக்கைகள் ஆண்களின் உடலை அளவாக வைத்தே செய்யப்பட்டவை.

டயரும் பிரேக்கும் மணிக்கணக்கில் தேய்வதில்லை, தரையிறக்கக் கணக்கில் தேய்கின்றன. மாணவர் ஒரே பறத்தலில் ஆறேழு முறை தொட்டுத் தொட்டு எழுவார். உதிரிபாகப் பட்டியலை மணிக்கணக்கில் போட்டுக் கொடுத்தால் திருப்பி அனுப்ப வேண்டும்.

சோதனைப் பறத்தலுக்கு வருவோம். விற்பவரின் ஊரில், குளிர்காலக் காலையில் எந்த விமானமும் அழகாகத்தான் எழும்பும். பெங்களூரு எச்.ஏ.எல். ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,900 அடி. விமானத்தின் திறனைக் கணக்கிட உலகம் முழுவதும் அளவாக வைத்திருக்கும் வெப்பநிலை அந்த உயரத்தில் 9 டிகிரி. ஏப்ரல் பிற்பகலில் 34 டிகிரி இருந்தால் 25 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி வீதம் 3,000 அடி ஏறுகிறது. அதாவது விமானம் 5,900 அடி உயரத்துக் காற்றில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். வாங்குகிற நாடு தன் தளத்தில், தன் வெயிலில், இரண்டு ஆட்களும் நிறைந்த எரிபொருளுமாகச் சோதிக்க வேண்டும். விமானம் சுழன்றபடியே கீழே விழும் ஸ்பின்னிலிருந்து மீளும் சோதனையைத் தன் விமானிகளே இரு பக்கமும் செய்து பார்க்க வேண்டும். எச்.ஏ.எல்.லின் ஜெட் பயிற்சி விமானமான எச்.ஜே.டி.-36 சிதாரா 2003இல் முதலில் பறந்தது. ஸ்பின்னிலிருந்து நம்பகமாக மீளவைக்க வாலையே மாற்றி அமைத்துப் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அது தேர்ந்த கைகள் வடிவமைத்த விமானம். விளம்பரத் தாளில் ஸ்பின் பற்றி ஒரு வரி இருந்தால் போதாது.

விலைக்கு வருகிறேன். இந்தியாவின் டெண்டரில் பிலாட்டஸ், கொரியாவின் கே.டி.-1, அமெரிக்காவின் டி-6சி மூன்றும் இறுதிவரை நின்றன. குறைந்த விலை சொன்ன பிலாட்டஸுக்கு 2012இல் 75 விமானங்களுக்கான ஆர்டர் போனது. அந்த விலைப்பட்டியல் முழுமையாக இல்லை என்று கொரியத் தரப்பு முறையிட்டது; அமைச்சகம் ஏற்கவில்லை. யார் சொன்னது சரி என்பதை விடுவோம். இப்படி ஒரு வழக்குக்கே இடமில்லாதபடி, என்னென்ன சேர்ந்தது விலை என்று கேட்பவர்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நியூசிலாந்து 2014இல் 11 டி-6சி வாங்கியபோது, சிமுலேட்டர் உள்பட மொத்தப் பயிற்சி ஏற்பாட்டையும் சேர்த்து 15.4 கோடி நியூசிலாந்து டாலர் என்று ஒரே பொட்டலமாகப் பேசியது. சிறிய படைக்கு ஏற்ற வழி அதுதான். உதிரிபாகங்களை நிறுவனம் பரிந்துரைக்கிற பட்டியலிலேயே வாங்கினாலும், இரண்டு ஆண்டு கழித்துப் பயன்படாமல் கிடப்பதை அதே விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனை இருக்க வேண்டும். எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் போயிருக்கும் காலத்துக்கு வாடகை எஞ்சினும் வேண்டும்.

விற்கும் நாட்டின் சட்டத்தையும் படிக்க வேண்டும். 2006இல் வெனிசுவேலாவுக்குத் தன் சூப்பர் டுகானோ டர்போபிராப் விமானத்தை விற்க பிரேசில் தயாராகத்தான் இருந்தது. உள்ளே அமெரிக்க பாகங்கள் இருந்ததால் அமெரிக்கா தடுத்துவிட்டது. 2019இல் சவுதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தந்துவந்த சேவையை நிறுத்தும்படி சுவிஸ் அரசு பிலாட்டஸுக்கு உத்தரவிட்டது. விவகாரம் நீதிமன்றம் போனது. விமானத்தின் மீது எந்த நாட்டுக் கொடி ஒட்டியிருக்கிறது என்பதோடு, எஞ்சினும் இருக்கையும் எந்த நாட்டு உரிமத்தில் வருகின்றன என்றும் பார்க்க வேண்டும். நம் எச்.டி.டி.-40க்கும் இது பொருந்தும். 2023 மார்ச்சில் 70 விமானங்களுக்கு 6,828 கோடி ரூபாய் ஒப்பந்தம் ஆன பிறகு, ஒப்படைப்பு தள்ளிப்போனதற்கு முக்கியக் காரணம் அமெரிக்க எஞ்சினின் தாமதம்.

எச்.டி.டி.-40ஐச் சிறிய நாடுகள் பரிசீலிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். 2016 மே 31 அன்று இதே பெங்களூரில் முதலில் எழும்பிய விமானம் அது. இலங்கைக்கோ மாலத்தீவுக்கோ உதிரிபாகம் அனுப்ப பெங்களூரை விடப் பக்கத்தில் வேறு தொழிற்சாலை இல்லை. அதற்கு எச்.ஏ.எல். செய்ய வேண்டியது, ஏற்றுமதிக்கென்று தனியாகச் சில எஞ்சின்களையும் இருக்கைக் கார்ட்ரிட்ஜ்களையும் இங்கேயே இருப்பில் வைப்பதும், அந்நாட்டுத் தொழில்நுட்பர்களை ஆறு மாதம் இங்கே கூட்டிவந்து உற்பத்தி வரிசையிலேயே வேலை பழக்குவதும்.

அடுத்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்குத் தங்கள் நிருபர் எலகங்காவுக்கு வரும்போது, ஒவ்வொரு பயிற்சி விமான அரங்கிலும் இந்த மூன்றைக் கேட்டு எழுதும்படி வேண்டுகிறேன்: பத்து விமானம் வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் போன மாதம் சராசரியாக எத்தனை பறந்தன? எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் போனால் திரும்பிவர எத்தனை நாள்? இருக்கைக் கார்ட்ரிட்ஜுக்கு இன்று ஆர்டர் கொடுத்தால் எந்தத் தேதியில் கையில் கிடைக்கும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
விமானபுரா, பெங்களூரு.