விதி மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வேகமாக விடை காண்பதே கணிதம் என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் மாணவரை மீச்சிறு பொது மடங்கு விதியை மறுபடி ஒப்பிக்க வைப்பதால் பெரிய பயன் இல்லை. 2/5 அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரைக்கும் கீழே எப்படி இறங்கும்? இதை அவரே கேட்கப் பழகினால், விதி மறந்தாலும் தவறு பிடிபடும்.

உயர் வகுப்பில் கோளாறு வேறு. நாலைந்து எடுத்துக்காட்டு ஒத்துவந்தால் நிரூபித்தாயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0, 1, 2-க்கு 41, 43, 47 வரும்; எல்லாம் பகா எண்கள். 39 வரை இப்படியேதான். 40-க்கு வருவது 1681, அதாவது 41 × 41. நாற்பது முறை தொடர்ந்து பலித்தது அடுத்த முறையே பொய்த்துவிடுகிறது. (41-க்கோ கணக்கிடவே வேண்டாம், மூன்று உறுப்புகளிலும் 41 பொதுக் காரணி.) நிரூபணப் பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம்.

தேர்வும் மாற வேண்டும். விடைக்கு மட்டுமல்ல, ‘இந்த விடை ஏன் தவறு?’ என்ற வினாவுக்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள். கேட்கப்படாததை எந்த வகுப்பும் படிப்பதில்லை.

- ஒரு கணித ஆசிரியர்