அப்பத்தா கரையிலேயே உட்கார்ந்திருந்தார்: தேக்கடி ஒருநாள் பயணம் குறித்துப் புகார்

அனுப்புநர்
பயணத்தைப் பதிவு செய்த வாடிக்கையாளர்,
உத்தமபாளையம், தேனி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
சுற்றுலா ஏற்பாட்டு நிறுவனம்,
கம்பம் அலுவலகம்.

நாள்: மே 8

பொருள்: மே 3, ஞாயிறன்று தேக்கடிக்கு அழைத்துச் சென்ற ஒருநாள் பயணத்தில் நடந்த குறைபாடுகள், பணத்தைத் திருப்பித் தருவது குறித்து.

ஐயா,

வணக்கம். மே 3-ம் தேதி உங்கள் நிறுவனம் மூலமாக நாங்கள் பதினோரு பேர் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குப் போய் வந்தோம். அப்பத்தா, அப்பா, அம்மா, சின்ன அத்தை, நான், என் வீட்டுக்காரர், எங்கள் பிள்ளைகள் இருவர், தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய மகன். நான்கு தலைமுறை. இதற்காக ஏப்ரல் 10-ம் தேதியே 14,500 ரூபாயை முழுதாகக் கட்டினோம். வேன், காலை டிபன், மதியச் சாப்பாடு, படகு டிக்கெட், சக்கர நாற்காலி, வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம் என்று ரசீதிலேயே எழுதியிருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன்னால் நான் உங்கள் அலுவலகத்தோடு இருபது நிமிடத்துக்கு மேல் போனில் பேசினேன். கேட்டது மூன்றே விஷயம். அப்பத்தாவால் படி ஏற முடியாது, அதனால் படகில் கீழ்த்தளம் வேண்டும். பதினோரு பேரும் ஒரே படகில் போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்படி காலை 9.30 படகு வேண்டும். மூன்றுக்கும் சரி என்றார்கள். "எத்தனையோ பெரியவங்களக் கூட்டிட்டுப் போயிருக்கோம்மா, நீங்க கவலைப்படாதீங்க" என்றார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் பணம் கட்டினேன்.

இந்தப் பயணம் எதற்காக என்பதையும் அன்றைக்கே சொன்னேன். அது உங்கள் காதில் ஏறவில்லை போலிருக்கிறது, அதனால் இன்னொரு முறை எழுதுகிறேன். அப்பத்தாவுக்கு 86 வயது. சின்னமனூர்ப் பக்கம் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். தாத்தாவோடு நஞ்சையில் இறங்கி இரண்டு போகமும் நடவு நட்டு, களையெடுத்து, கதிரறுத்தவர். நம் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது என்றால் அது பெரியாற்றுத் தண்ணீரால்தான் என்பது கம்பத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றை 1895-ல் கட்டி முடித்த அணை தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் திருப்பிவிட்டது. அந்த அணையைக் கட்டிய பென்னிகுக் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர்கள் நம்முடையவை. லோயர்கேம்ப் மலையில் இறங்குகிற பெரிய குழாய்களை அப்பத்தா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு நாளும் போனதில்லை. "குழாயில வர்ற தண்ணியத்தான் பாத்திருக்கேன். அது நிக்கிற எடத்தக் கண்ணால பாக்கல" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கிற இடம்தான் தேக்கடி ஏரி, அதற்காகத்தான் இந்தப் பயணம். யானை, மான் எல்லாம் பிள்ளைகளுக்கு.

காலை ஆறு மணிக்கு வர வேண்டிய வேன் ஏழு இருபதுக்கு வந்தது. அப்பத்தா ஐந்தரைக்கே குளித்து, சுங்குடிச் சேலை கட்டி, திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். டிபன் பரவாயில்லை. குமுளி போய்ச் சேர்ந்ததும் நேரே உள்ளே போகாமல், ஏலக்காய், மிளகு விற்கிற கடை ஒன்றில் வேனை நிறுத்தி நாற்பது நிமிடம் எங்களை இறக்கிவிட்டார் உங்கள் வழிகாட்டி. ஏலக்காய் வாங்க நாங்கள் குமுளி வரை போக வேண்டுமா? 9.30 படகு போய்விடுமே என்று இரண்டு முறை கேட்டேன். "இருக்கு மேடம், டைம் இருக்கு" என்றார். அவர் ஏன் அவ்வளவு நிதானமாக இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

படகுத்துறை வரை வேன் போகும் என்று போனில் சொன்னீர்கள். போகாது. ஆனவச்சால் மைதானத்தில் எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் உள்ளே போக வேண்டும். காட்டுக்குள் வண்டிகளைக் குறைக்கிற நல்ல ஏற்பாடு அது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாரா வாரம் ஆள் கூட்டிப் போகிற உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் வீட்டிலிருந்து ஒரு சின்ன மர முக்காலி எடுத்து வந்திருப்போம். அந்த பஸ்ஸின் முதல் படி அப்பத்தாவின் முழங்கால் உயரம் இருந்தது. அப்பாவும் தம்பியும் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கித்தான் ஏற்றினார்கள். அத்தனை பேர் முன்னால் தன்னைத் தூக்குகிறார்களே என்று அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்புறம் சக்கர நாற்காலி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் உங்கள் வழிகாட்டி அதை விரித்தார். கால் வைக்கிற பலகை இரண்டும் இல்லை. கழன்று விழுந்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும், அந்த இடத்தில் இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கிடந்தது. அப்பத்தாவை உட்கார வைத்துத் தள்ளினால் இரண்டு காலும் தரையில் தேய்கின்றன. ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. கடைசியில் அப்பா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, இந்தக் குழாய்க்கும் அந்தக் குழாய்க்கும் குறுக்கே இழுத்துக் கட்டி, அதன்மேல் அப்பத்தாவின் பாதங்களை எடுத்து வைத்தார். சரிவில் இறங்கும்போது துண்டு தளர்ந்து தளர்ந்து போக, மூன்று தடவை நிறுத்தி முடிச்சை இறுக்கினார். அப்பாவுக்கே 63 வயது. கோடையில் ஏரித் தண்ணீர் இறங்கிக் கிடந்ததால் துறை வரைக்குமான தூரமும் கூடுதல். நாங்கள் கட்டிய 14,500-ல் இந்த நாற்காலிக்கு மட்டும் 600 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள்.

துறைக்குப் போன பிறகுதான் வழிகாட்டி டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். 11.15 படகு. ஏழு பேருக்கு ஒரு படகில் மேல்தளம், நான்கு பேருக்கு வேறொரு படகு. அப்பத்தாவின் பெயர் மேல்தள டிக்கெட்டில் இருந்தது. பதிவு செய்த தேதியைப் பார்த்தேன், மே 1. அதாவது ஏப்ரல் 10-ல் எங்களிடம் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், இருந்த மிச்ச சீட்டை எடுத்திருக்கிறீர்கள். 9.30 படகு என்பது எங்களுக்கு எப்போதுமே இருக்கவில்லை. கடையில் எங்களை நாற்பது நிமிடம் நிறுத்தியது நேரத்தைக் கடத்தத்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

மேல்தளத்துக்கு ஏறும் படி குறுகலாக, செங்குத்தாக இருந்தது. கீழே யாரிடமாவது இடம் மாற்றித் தர முடியுமா என்று படகு ஊழியரிடம் கேட்டேன். முடியாது என்றார், ஆனால் நல்ல தமிழில், பொறுமையாகக் காரணமும் சொன்னார். 2009 செப்டம்பர் 30-ல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த பிறகு, யார் எங்கே உட்காருவது, எத்தனை பேர் ஏறுவது என்பதில் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லையாம். அன்றைக்கு விலங்கைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்ததைப் பற்றி நாங்களும் பேப்பரில் படித்திருக்கிறோம். அவர் செய்தது முழுக்கச் சரி. அவர்மேலோ வனத்துறைமேலோ எனக்கு ஒரு குறையும் இல்லை. இடம் மாற்ற முடியாது என்பது தெரிந்தே 86 வயதுக்காரருக்கு மேல்தளம் எடுத்த உங்கள்மேல்தான் என் கோபமெல்லாம்.

அப்பத்தாதான் முடிவு சொன்னார். "பிள்ளைகள் ஆசையா வந்திருக்குக, நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன இருக்கேன்." மற்றவர்கள் போனார்கள், நான் அவரோடு கரையில் இருந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பார்த்தால் ஏரியின் ஒரு கை மட்டும்தான் தெரிகிறது, அதுவும் வளைந்து மரங்களுக்குப் பின்னால் போய்விடுகிறது. அப்பத்தா கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பக்கம் எங்கிட்டு ஆத்தா போகுது தண்ணி?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய உங்கள் வழிகாட்டி, படகு கிளம்பியதும் வேனில் படுத்துக்கொள்ளப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அப்பத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் எழுதுவது உங்களுக்கு மிகையாகத் தெரியலாம். வயல்காட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

குரங்கு விஷயம் இதைவிட ஆபத்தானது. படகு ஏறுவதற்கு முன்னால் உங்கள் வழிகாட்டி பிள்ளைகள் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, "நீட்டுங்க, குரங்கு வந்து வாங்கும், போட்டோ எடுக்கலாம்" என்றார். காட்டு விலங்குக்குத் தீனி போடக்கூடாது என்பது அங்கே முதல் விதி, அதை மீறக் கற்றுக்கொடுத்தது காடு காட்ட வந்தவர். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் தம்பி மகன் கையிலிருந்து ஒரு குரங்கு பிஸ்கட்டைப் பிடுங்கியது. ஐந்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் நகம் கீறி ரத்தம் வந்தது. "சின்னக் கீறல்தான், மஞ்சள் வைங்க" என்றார். மஞ்சள் வைப்பதா? குரங்கு கீறினாலும் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். துறையில் இருந்த குழாயில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினோம். படகை விட்டு வந்ததும் ஊர் திரும்பி அன்று மாலையே அரசு மருத்துவமனையில் முதல் ஊசி போட்டோம், 6-ம் தேதி இரண்டாவது. இன்னும் மே 10, மே 31 என்று இரண்டு இருக்கின்றன. ஊசி என்றாலே அவன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறான்.

"யானை நிச்சயம்" என்று உங்கள் நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். படகில் போனவர்கள் யானையைப் பார்க்கவில்லை. தூரத்துக் கரையில் மூன்று காட்டுமாடுகள், தண்ணீரில் நிற்கிற பட்டமரங்களின் மேல் இறக்கையை விரித்துக் காயவைத்த நீர்க்காகங்கள், ஒரு மான் கூட்டம், இவ்வளவுதான். யானை வரவில்லை என்று நான் புகார் சொல்லவில்லை. 925 சதுர கிலோமீட்டர் காடு அது. யானை தன் தாகத்துக்கு வரும், நம் டிக்கெட்டுக்கு வராது. அதை ஆறு வயது மகளுக்கு நான் வீட்டிலேயே சொல்லி வைத்திருப்பேன், அவளும் நீர்க்காகத்தைப் பார்த்தே சந்தோஷப்பட்டிருப்பாள். ஆனால் நோட்டீஸை எழுத்துக் கூட்டி அவளே படித்துவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் "நிச்சயம்னு போட்டிருந்துச்சே அம்மா" என்று அழுதுகொண்டே வந்தாள். தர முடியாததை நிச்சயம் என்று அச்சடிக்காதீர்கள்.

மறுநாள் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை, அடுத்த பயணத்தில் பத்து சதவீதம் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். அடுத்த பயணம் உங்களோடு இல்லை.

நான் கேட்பது இவை. எனக்கும் அப்பத்தாவுக்கும் எடுத்து வீணான இரண்டு படகு டிக்கெட்டின் பணம், சக்கர நாற்காலிக்கு வாங்கிய 600 ரூபாய், வழிகாட்டிக்கு வாங்கிய 1,200 ரூபாய், மூன்றையும் மே 20-க்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். கணக்கு விவரம் உங்கள் ரசீதிலேயே இருக்கிறது. அந்த நாற்காலியைச் சரி செய்யும் வரை யாருக்கும் கொடுக்கக்கூடாது. பிள்ளைகள் கையில் தீனி கொடுக்கிறவரை வழிகாட்டியாக அனுப்பக்கூடாது. "யானை நிச்சயம்", "முதியோருக்கு முழு வசதி" என்ற இரண்டு வரிகளையும் நோட்டீஸிலிருந்து எடுக்க வேண்டும். அப்பத்தாவின் பெயருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும், தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில். அவருக்குப் படிக்கத் தெரியும்.

20-ம் தேதிக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். சேவைக் குறைபாடும் தவறான விளம்பரமும் அந்தச் சட்டத்தில் வருகின்றன. ரசீது, படகு டிக்கெட், நோட்டீஸ், துண்டு கட்டிய நாற்காலியின் போட்டோ, தடுப்பூசிச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஜூன் பிறந்து மழை இறங்கிவிட்டால் அப்பத்தாவை மலையேற்ற முடியாது. அதனால் மே 26, செவ்வாய்க்கிழமை காலை 7.30 படகுக்குத் தம்பி டிக்கெட் எடுத்துவிட்டான். கீழ்த்தளம், ஓரச் சீட்டு, பக்கத்தில் அப்பா. முக்காலி எடுத்துப் போகிறோம். உங்கள் பணம் அதற்குள் வந்துவிட்டால் அந்தச் செலவுக்கு ஆகும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
பயணத்தைப் பதிவு செய்த வாடிக்கையாளர்