எங்கள் காருக்குக் கணக்கு, உங்கள் விமானத்துக்கு?

இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் நிர்வாகத்தினருக்கும் அதன் 20 கிளப்களின் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். கிழக்கு லண்டனிலிருந்து எழுதுகிறேன். சீசன் டிக்கெட் வைத்திருக்கும் சாதாரண ரசிகன்.

போன வாரம் எங்கள் கிளப்பிடமிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. மைதானத்துக்குக் காரில் வருகிறீர்களா, ரயிலிலா? கார் என்றால் பெட்ரோலா, டீசலா? கூட எத்தனை பேர்? கடைசியில் ஓர் அறிவுரை: முடிந்தவரை பொதுப் போக்குவரத்தில் வாருங்கள். ஒழுங்காக நிரப்பி அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் கோபம் வந்தது.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று தெரியும். 2025/26 சீசன் முடிவதற்குள் ஒவ்வொரு கிளப்பும் தன் கார்பன் உமிழ்வுக் கணக்கைத் தயாரிக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். மைதானத்தில் எரிக்கும் எரிவாயு, வாங்கும் மின்சாரம் மட்டுமல்ல, ஸ்கோப் 3 எனப்படும் மறைமுக உமிழ்வும் அதில் சேரும். ரசிகர்களின் பயணம் வருவது அங்கேதான். பெரும்பாலான கிளப்களில் ஆகப் பெரிய எண்ணும் அதுவாகத்தான் இருக்கும். ஆக, குற்றவாளி நாங்கள்!

ஆட்ட நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள் ஐயா? திங்கள் இரவு 8 மணிக்கு மான்செஸ்டரில் ஆட்டம் என்றால் முடிய 10 மணி ஆகும். அதற்குள் லண்டனுக்கான கடைசி ரயில் போயிருக்கும். இன்னும் வடக்கே இருக்கும் நியூகாசில் என்றால் கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை 3 மணி ஆட்டம் என்று நம்பி மலிவு விலையில் ரயில் டிக்கெட் எடுத்து வைத்தவர், தொலைக்காட்சிக்காக ஆட்டம் வேறு நாளுக்கு மாறியதும் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். பிறகு என்ன செய்வார்? நான்கு பேர் சேர்ந்து காரில் போவார்கள். நடுநிசி தாண்டி நெடுஞ்சாலையில் கண்ணெரிய ஓட்டி வந்து, காலையில் வேலைக்கும் போவார்கள். வெளியூர் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் டிக்கெட் விற்கக் கூடாது என்று 2016இல் விதி கொண்டுவந்தீர்கள், நன்றி. அவர் வீடு திரும்புவது பற்றியும் ஒரு விதி இருந்திருக்கலாம். 2025/26 முதல் நான்கு சீசன்களுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் மட்டும் 670 கோடி பவுண்டு. நேரத்தை மாற்றிய வருமானம் உங்களுக்கு, அதனால் வந்த புகை எங்கள் பெயரில்.

இனி உங்கள் பயணத்துக்கு வருவோம். 2023 ஜனவரி, மார்ச் மாதங்களுக்கு இடைப்பட்ட இரண்டு மாதங்களில் 100 ஆட்டங்களுக்குப் பிரீமியர் லீக் அணிகள் 81 உள்நாட்டு விமானப் பயணங்கள் செய்ததாக பிபிசி கண்டறிந்தது. அதில் ஒன்று வெறும் 27 நிமிடம். 2021 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட் அணி லெஸ்டர் ஆட்டத்துக்கே பறந்து போனது, சாலையில் நெரிசலாம். அதே நெரிசலில்தான் நாங்களும் நிற்கிறோம்.

இந்த விமானங்களும் ஸ்கோப் 3இல்தான் வரும். ரசிகர் பயணம் என்ற பெரிய எண்ணோடு கலந்துவிட்டால் வெளியே தெரியவே தெரியாது. அதனால்தான் கேட்கிறேன்: கணக்கைப் பொதுவில் வையுங்கள். 20 கிளப்களும் ஒரே முறையில் அளந்து, அணியின் விமானப் பயணத்தைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

இதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் வேறு வகை மதிப்பீடு. விளையாட்டில் சுற்றுச்சூழல் அக்கறையை வளர்க்கும் ஸ்போர்ட் பாசிட்டிவ் அமைப்பு 2019 முதல் வெளியிட்ட, கிளப்களின் பசுமைத் தரவரிசைப் பட்டியலில் மறுசுழற்சி, சைவ உணவு, மின்சாரம் போன்றவற்றுக்குப் புள்ளிகள் தந்தார்கள். 2021இல் டாட்டன்ஹாமும் லிவர்பூலும் சேர்ந்து முதலிடம். நல்ல முயற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் சைவ பர்கருக்குப் புள்ளி வாங்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவரை அந்தப் பட்டியலை வைத்துப் பிடிக்க முடியாது. ஜெர்சியின் நெஞ்சிலும் மைதானத்தின் பெயரிலும் விமான நிறுவனத்தைச் சுமக்கும் கிளப்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை. ஐரோப்பிய கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கை 2024இல் 125 ஆட்டத்திலிருந்து 189 ஆட்டமாக உயர்த்திய ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ, அதே வருடம் கிளப்களுக்குக் கார்பன் கணக்கிடும் கருவியையும் வெளியிட்டது. என்ன பொருத்தம்! கத்தார் உலகக் கோப்பையைக் கார்பன் சமநிலை, அதாவது வெளியிடும் கார்பனை முழுவதும் ஈடுகட்டியது, என்று விளம்பரம் செய்த உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவை, அது மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று சுவிட்சர்லாந்தின் விளம்பர ஒழுங்கு ஆணையம் 2023இல் கண்டித்ததும் நினைவிருக்கும்.

சரி, உங்களுக்கு எழுத வந்துவிட்டு உலகத்தையே திட்டிக்கொண்டிருக்கிறேன். மன்னியுங்கள்.

முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. ஜெர்மனியின் முதன்மைக் கால்பந்துத் தொடரான பண்டஸ்லிகா 2022லேயே சுற்றுச்சூழல் விதிகளைக் கிளப் உரிம நிபந்தனைகளில் சேர்த்துவிட்டது. அங்கே பல கிளப்களின் ஆட்ட டிக்கெட்டைக் காட்டி உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் போய் வரலாம். 2015 டிசம்பரில் வட இங்கிலாந்தின் சிறிய கிளப்பான கார்லைல் யுனைடெட்டின் மைதானம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பருவநிலை மாற்றத்துக்குச் சிறிய கிளப்கள் ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே தயவுசெய்து, 20 கிளப்களின் உமிழ்வுக் கணக்கையும் ஒரே அளவுகோலில், யாரும் படிக்கும்படி பொதுவில் வெளியிடுங்கள். உள்நாட்டு விமானங்களைத் தனியாகக் காட்டுங்கள். திரும்பி வர ரயில் இல்லாத நேரத்துக்கு நீங்கள் மாற்றிய ஆட்டங்கள் எத்தனை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஜூனில் புதிய சீசனின் ஆட்ட அட்டவணையோடு சேர்த்து வெளியிட்டால் எங்களுக்கும் வசதியாக இருக்கும்.

மரியாதையுடன்,
ஒரு சீசன் டிக்கெட் ரசிகன்